திருக்குற்றாலம்: மூர்த்தி, தலம், தீர்த்தம் பற்றி ஆசிரியர்க்கு ஒரு பாடம்

திருநாவுக்கரசு நாயனார் அருளிச்செய்த திருவங்கமாலையை நம் பிள்ளைகள் சிறுபராயத்திலேயே மனனஞ் செய்கின்றனர். தலை முதலாய அவயவங்களை ஒவ்வொன்றாக விளித்துச் சிவபணிக்கு ஏவுகின்ற அப்பதிகத்திலே, உயிர் பிரியுங் காலத்தில் நமக்கு உற்றவர் யாவர் என்னும் வினா எழுகின்றது. குற்றாலத்துக் கூத்தனையன்றிப் பிறர் இலர் என்பது நாயனார் தந்த விடை. மாணிக்கவாசக சுவாமிகளும் திருப்புலம்பலிலே, சுற்றமும் ஊரும் வேண்டாது உள்ளங் கசிந்துருகும் வரமொன்றையே வேண்டுமிடத்து, அக்குற்றாலத்துக் கூத்தனையே முன்னிலையாக்குகின்றார்.

இவ்விரண்டனையும் பிழையற ஓதும் பிள்ளையை நோக்கி, "குற்றாலம் எங்கே உளது? அங்கே யாது உளது?" என வினவுங்கள். பெரும்பாலும் விடை வாராது. வருமாயினும், "இந்தியாவில் உள்ள ஒரு கோயில்" என்பதற்கு மேற் செல்லாது. ஓதுதல் உண்டு, ஓதியதன் பொருள் இல்லை.

யாம் இளமையிலே கிறித்துவ மிஷன் பாடசாலையொன்றிற் கற்றேம். அங்கே வேதபாடம் நடத்திய ஆசிரியர் பலஸ்தீன தேசப் படத்தைச் சுவரிலே தொங்கவிட்டு, யோர்தான் நதி எத்திசையிற் பிறந்து எக்கடலில் வீழும் என்பதைப் பிரம்பினாற் சுட்டிக் காட்டுவார். ஆற்றையும் மலையையுங் கண்டறியாத தீவுப் பிள்ளைகளாகிய யாங்கள், அந்நதியின் கரையிலே பிறந்தவர் போல அதனை அறிந்தேம். சிற்றாற்றின் பெயரைக் கேட்டதும் இல்லை. அவ்வாசிரியர்மேற் குறை யாதும் இல்லை. தாம் போற்றிய நூலைத் தக்க முறையிற் கற்பித்தார். மிஷன் பாடசாலையிலே கற்று அங்கே கற்பித்தும் அநுபவம் பெற்ற ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர், 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது, நல்ல முறை எவரிடத்து உளதாயினும் அதனைச் சைவத்துக்கு ஆக்கிக்கொள்ளலாம் என்பதைச் செய்கையாற் காட்டினார். அவ்வழி நின்று திருக்குற்றாலத்தை ஒரு பாடமாக வகுத்து ஈண்டுக் கூறுதும்.

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்பது மரபு. பிள்ளைகளுக்குக் கட்புலனாகும் பொருளை முன்வைத்தல் எளிதாதலின், தலத்தினின்று தொடங்குகின்றேம்.

தலம்

திருக்குற்றாலம் தமிழ்நாட்டிலே, 2019 ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்பாலடிவாரத்தே உளது. பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் பதினான்கனுள் ஒன்று. மலைக்கு மூன்று சிகரங்கள் உண்மையால் திரிகூடம் எனப் பெயர்.

படத்திலே காரைநகரையும் குற்றாலத்தையும் ஒரு நூலினால் இணைத்து அளக்கச் செய்க. நேர்க்கோட்டிலே ஏறக்குறைய 300 கிலோமீற்றர் வரும். அந்நூலையே காரைநகரினின்று தெற்கே திருப்பினால் அது கொழும்பை அணுகும். குற்றாலம் நமக்குக் கொழும்பினும் மிக்க தூரத்தில் இல்லை என்பதைக் காணும் பிள்ளைக்கு அத்தலம் அயலதாகத் தோன்றாது.

தீர்த்தம்

சிற்றாறு என்னும் நதி திரிகூட மலையிற் பிறந்து, தேனருவி, செண்பகாதேவி அருவி, பேரருவி என அடுத்தடுத்து வீழ்ந்து, கோயிலின் அருகே நிலத்தை அடைந்து, பின்பு கிழக்கே ஓடிச் சீவலப்பேரி என்னும் இடத்திலே தாமிரபருணியிற் கலக்கின்றது. ஐந்தருவி, புலியருவி, சிற்றருவி, பழைய குற்றால அருவி முதலியனவும் அம்மலைச் சாரலில் உள்ளன. வடவருவி என இலக்கியங்கள் போற்றுவது பேரருவியையே. உயரத்தினின்று வீழும் நீர், நடுவே பாறையிலுள்ள பொங்குமாகடல் என்னும் ஆழ்ந்த குழியில் விழுந்து, வேகந் தணிந்து, பொங்கி வழிந்து கீழிறங்குகின்றது. அக்குழி இல்லையாயின், அவ்வருவியின்கீழ் மனிதர் தலை கொடுத்து நிற்றல் அரிதாகும்.

இங்கே ஆசிரியர் சிறிது தரித்து, அருவி எவ்வாறு உண்டாகின்றது என்பதை விளக்குக. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களிலே தென்மேற்கினின்று வீசுவது நாம் சோளகம் என வழங்குங் காற்று. அது கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலே ஏறிக் குளிர்ந்து மழையைச் சொரிகின்றது. மலைக்குக் கிழக்கேயுள்ள ஊர்கள் பெரும்பாலும் அம்மழையைப் பெறா. செங்கோட்டைக்கு அண்மையிலே மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் அமைந்திருத்தலால், குளிர்ந்த காற்றும் மேகமும் அதனூடே புகுந்து குற்றாலத்தை நனைக்கின்றன. அம்மென்றூறலைச் சாரல் என்பர்.

அச்சோளகமே காரைநகரிலும் வீசுகின்றது. ஆயின் இங்கே மலை இல்லை. ஆதலின் அது நமக்கு மழை தாராது மணலையும் புழுதியையுமே வாரி இறைக்கின்றது. நாம் மழை பெறுவது ஐப்பசி முதலாக வரும் வாடையினால். காற்று ஒன்றே, தடுத்து நிறுத்தி அதன் வளத்தை வாங்கிக்கொள்ள ஒரு மலை வேண்டும். நம் பிள்ளைகள் தம் முகத்திலே பட்டறிந்த காற்றைக் கொண்டே குற்றாலத்து அருவியை உணர்வார்கள்.

இதனோடு கீரிமலையை ஒப்பிடுக. நகுலேசுவரப் பெருமானது சந்நிதிக்கு அண்மையிலே, உவர்க்கடலை ஒட்டி, நன்னீர் ஊறும் அற்புதத்தை நம் பிள்ளைகள் கண்டிருப்பர். குற்றாலத்துப் பாறை கடினமானது. நீரை உட்கொள்ளாது மேலே ஓடவிடும். யாழ்ப்பாணத்து நிலத்தடியிலுள்ளது சுண்ணாம்புக்கல். மழைநீரை உறிஞ்சி உள்ளே தேக்கிப் பின் ஊற்றாய் விடும். அங்கே தீர்த்தம் மேலிருந்து வீழும். இங்கே கீழிருந்து எழும். ஆடியமாவாசையிலே நாம் கீரிமலையில் நீராடும் அக்காலமே குற்றாலத்து அருவிகள் பெருகி வீழுங் காலமுமாம்.

தீர்த்தத்தைப் பேணுதலும் தீர்த்தமாடுதலின் ஒரு பகுதி என்பதை மறவாது கூறுக. குற்றாலத்து அருவிகளில் எண்ணெயுஞ் சவர்க்காரமும் பூசிக் குளித்தல் நீதிமன்ற ஆணையினால் விலக்கப்பட்டுளது. 2024 மே மாதம் 17 ஆம் நாள் பழைய குற்றால அருவியிலே திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் மாணாக்கன் ஒருவன் உயிரிழந்தான். மலைமேற் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. எச்சரிக்கை சொல்லப்படுமிடத்து விலகி நிற்றல் பத்திக்குக் குறைவன்று.

மூர்த்தி

சுவாமிக்குக் குற்றாலநாதர் என்றும், அம்மைக்குக் குழல்வாய்மொழி என்றும் திருநாமம். பராசத்தி எழுந்தருளிய தரணிபீடம் தனிச் சந்நிதி. தலவிருட்சம் குறும்பலா. திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் இத்தலத்துக்கு இரண்டு பதிகங்கள் அருளினார். முதற்றிருமுறையில் உள்ளது திருக்குற்றாலப் பதிகம். இரண்டாந் திருமுறையில் உள்ளது திருக்குறும்பலாப் பதிகம். ஒரு மரத்தின் பெயராலேயே ஒரு பதிகம் வழங்கப்பெறுதல் அருமையென்க.

கோயில் சங்கு வடிவினதாக அமைந்துளது. இதன் காரணம் பின்னர்ப் புலப்படும்.

சித்திரசபை

அப்பரும் மணிவாசகரும் இத்தலத்து இறைவனைக் கூத்தன் என்றே கூறினர். அவ்விரு பாட்டும் உற்றார் என்னுஞ் சொற்கொண்டு தொடங்குதலின், எதுகை நோக்கிக் குற்றாலத்தைக் கூறினார் என ஒரு மாணாக்கன் சொல்லக்கூடும். அவனைக் கடியற்க, நன்கு கவனித்தான் என மெச்சுக. பின்பு, எதுகை தலத்தின் பெயரைத் தரலாம், கூத்தன் என்னும் பெயரை அது தாராது என்பதைக் காட்டுக. அப்பெயர்க்குரிய சபை அங்கே உளது.

நடராசப் பெருமானுக்குரிய சபைகள் ஐந்து. சிதம்பரத்திலே பொற்சபை, மதுரையிலே வெள்ளிசபை, திருவாலங்காட்டிலே இரத்தினசபை, திருநெல்வேலியிலே தாமிரசபை, குற்றாலத்திலே சித்திரசபை. குற்றாலத்துச் சபை பெருங்கோயிலினின்று தனியே, தெப்பக்குளத்தின் அருகே, செப்புத்தகடு வேய்ந்த கூரையோடு விளங்குகின்றது. ஏனைய சபைகளிலே பெருமான் திருமேனி கொண்டு ஆடுகின்றார். ஈண்டுச் சுவரிலே எழுதிய சித்திரமாக ஆடுகின்றார். உட்சுவர்களிலே புராண வரலாறுகள் பலவும் வண்ணத்தால் எழுதப்பட்டுள்ளன.

திண்ணபுரத்து ஈழத்துச் சிதம்பரத்திலே மார்கழித் திருவாதிரையைக் கண்டு வளர்ந்த காரைநகர்ப் பிள்ளைக்கு இது நெருங்கிய செய்தி. நம்மூரிலே ஆர்த்திரா தரிசனம் நிகழும் அந்நாளே குற்றாலத்துச் சித்திரசபைக்கும் பெருநாள். திருமேனியும் சித்திரமும் வேறாயினும் கூத்து ஒன்றே என்பதைப் பிள்ளைகள் தாமே உய்த்துணர்வர்.

அகத்தியர் வரலாறு

இனி, இப்பாடத்திலே ஆசிரியர் மிகவும் விழிப்பாய் நிற்க வேண்டிய பகுதியைக் கூறுதும்.

சிவபெருமானது திருமணத்தைக் காணும்பொருட்டு யாவருங் கயிலையிற் கூடினமையால் வடதிசை தாழ்ந்து தென்றிசை உயர்ந்தது. நிலத்தைச் சமனாக்குமாறு பெருமான் அகத்திய முனிவரைத் தெற்கே விடுத்தார். முனிவர் திரிகூட மலையை அடைந்தபோது அங்கிருந்தது திருமால் கோயில். திருநீறும் உருத்திராக்கமும் அணிந்து வந்த அவரை வாயிலிலே நின்றவர்கள் தடுத்தனர். அவர் அயலிலுள்ள இலஞ்சிக்குச் சென்று குமாரப் பெருமானை வணங்கி, அவரருளியவாறு வைணவ வேடந் தாங்கி மீண்டார். அவர்கள் வரவேற்றுப் பூசை செய்ய இசைந்தனர். முனிவர் திருமாலின் திருமுடியிலே கையை வைத்துச் சிவபெருமானைத் தியானிக்க, நின்ற திருவுருவங் குறுகிச் சிவலிங்கமாயிற்று. சீதேவி குழல்வாய்மொழி அம்மையும், பூதேவி தரணிபீடத்துப் பராசத்தியும் ஆயினர். முனிவரது விரல் அழுத்தினமையால் உண்டாகிய தலைநோவு நீங்கும்பொருட்டே சுவாமிக்கு மூலிகைத் தைலஞ் சாத்தப்படுகின்றது என்பர்.

இவ்வரலாற்றை விரித்துரைப்பது திருக்குற்றாலத் தலபுராணம். அதனையும் திருக்குற்றாலக் குறவஞ்சியையும் இயற்றியவர் குற்றாலத்தை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர். 18 ஆம் நூற்றாண்டினர். குறவஞ்சிக்குப் பரிசிலாக அவர் பெற்ற நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர்பெற்றது. தேவாரம் அருளிய சம்பந்தரும் அப்பரும் 7 ஆம் நூற்றாண்டினர். இரண்டிற்கும் இடையே ஆயிரம் ஆண்டளவு உளது. திருமுறையும் தலபுராணமும் ஒரே வகையான நூல்கள் அல்ல என்பதை உயர்வகுப்பு மாணாக்கர்க்கு இவ்விடத்தே சொல்லி வைத்தல் நன்று. தலபுராணம் நாள்வழிக் குறிப்பன்று. ஒரு தலத்திலே வழிபட்டவர்கள் அத்தலத்தின் பெருமையைத் தாம் உணர்ந்தவாறு கதையாக்கித் தந்தது.

இவ்வரலாற்றைக் கேட்ட மாணாக்கர் மூன்று வினா எழுப்புவர். எழுப்பாராயின் ஆசிரியரே எழுப்புக.

முதலாவது: "திருமால் தாழ்ந்தவர் என்பதா இதன் கருத்து?" அன்று என்க. திருமாலைச் சிவசத்தியின் ஒரு கூறாகக் கொள்வது சைவ நூல்களின் கருத்து. இறைவனது இடப்பாகம் அம்மைக்கும் உரியது, மாலுக்கும் உரியது. ஆதலின் திருமால் உரு சிவவுருவாயிற்று என்பது பகைவரை வென்ற செய்தியன்று; வேறெனத் தோன்றிய இரண்டு ஒன்றே எனக் கண்ட செய்தி. கோயில் இன்றும் சங்கு வடிவினதாய் நிற்றலையும், அதனுள் திருமாலுக்கும் வழிபாடு உண்மையையும் சுட்டுக. நம் பிள்ளைகள் தாம்போதியைக் கடந்து செல்லும்போது பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலை நோக்கிக் கைகூப்புகின்றனர். பாடசாலையிலே ஆசிரியர் கூறும் ஒரு கதை அக்கையைத் தாழ்த்திவிடுமாயின், அவர் சைவத்தை வளர்த்தவர் ஆகார். சமயவாதம் ஒருகாலத்திலே கூர்மையாய் நிகழ்ந்தது. அதன் சுவடு இக்கதையிலும் உளது. அதனை மறைத்தலும் வேண்டா. மீள மூட்டுதலும் வேண்டா.

இரண்டாவது: "வேடம் மாறிப் புகுந்தது முறையா?" இவ்வினாவை அடக்கிவிடுதல் கூடாது. வஞ்சமாக நடத்தல் தகாது என நாமே கற்பிக்கின்றோம். அதனை வைத்தே பிள்ளை கேட்கின்றது. கதை எங்கே தொடங்குகின்றது என அப்பிள்ளையைத் திருப்பிக் கேளுங்கள். ஒருவரது உடம்பிலே காணப்பட்ட அடையாளத்தை நோக்கி, அவரைக் கோயில் வாயிலிலே தடுத்தமையால் தொடங்குகின்றது. தடுத்தவர்க்கு அவரது உள்ளந் தெரியாது; புறத்தோற்றமே தெரிந்தது. தோற்றத்தை மாற்றியவுடன் அவரையே வரவேற்றனர். இறைவனோ எவ்வேடத்திலும் அவரை அறிந்தான். வாயிலிலே நின்று மனிதர் இட்ட தடை இறைவன் இட்டதன்று என்பது இக்கதையின் நடுவிடமாகும்.

இதனைக் கற்பிக்கும் நாம் நம் நாட்டு வாயில்களையும் நோக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவற்றிலே, சாதி காரணமாகச் சைவ அடியார் பலர் தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டனர். அவர்களும் திருநீறு அணிந்தவரே. அவர்கள் வாயிலும் தேவாரம் உண்டு. 1957 ஆம் ஆண்டு சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ வேண்டியதாயிற்று. திருநீற்றைக் கண்டு அகத்தியரைத் தடுத்தவர்களைப் பழிக்கும் நாம், திருநீறு அணிந்தவரையே தடுத்த வரலாற்றுக்கு யாது கூறுவோம்? ஒரு வகுப்பிலே இக்கதையைக் கேட்கும் பிள்ளைகளுள், தன் பாட்டனார் கோயில் வாயிலிலே நின்று திரும்பியவர் என்பதை அறிந்த பிள்ளையும் இருத்தல் கூடும். அப்பிள்ளை ஆசிரியரது முகத்தை நோக்கும். கதையை விரைந்து சொல்லி அடுத்த பாடத்துக்குச் செல்வோமாயின், அப்பிள்ளைக்கு நாம் கற்பித்தது வேறொன்றாய் முடியும்.

மூன்றாவது: "இது மெய்யாகவே நடந்ததா?" நடந்தது என அதட்டிக் கூறுதலும், கட்டுக்கதை எனக் கைவிடுதலும் இரண்டும் எளிது, இரண்டும் பயன் தாரா. அருவி மெய், சிற்றாறு மெய், கோயில் மெய், அங்கே நின்று பாடிய நாயன்மாரது பதிகம் மெய். அகத்தியர் வரலாறு, அம்மெய்ப்பொருள்களைக் கண்ட உள்ளங்கள் அவற்றுக்குக் கூறிய பொருள். ஈழத்திலும் மகாவலி கங்கைக் கரையிலே அகத்தியர் வழிபட்டார் எனத் திருக்கரைசைப் புராணங் கூறும். நதி உள்ள இடந்தோறும் தமிழர் அக்குறுமுனிவரை நினைந்தனர். அவர் நடந்த அடிச்சுவட்டை அளந்து காட்ட நம்மால் இயலாது. அவர் பெயரால் நம் முன்னோர் எதனை உயர்வாகக் கருதினர் என்பதைக் காட்ட இயலும். மாணாக்கர்க்கு இவ்வளவே சொல்லுக. இதனிற் குறைத்தலும் வேண்டா.

பாடம் நடத்தும் முறை

இரண்டு பாடவேளை போதும். முதற்பாடவேளையிலே தேசப்படம், நூலளவு, சோளகக் காற்று, அருவியின் பிறப்பு ஆகியன. கீழ்வகுப்பாயின், முற்றத்திலே களிமண்ணால் மூன்று சிகரம் அமைத்து, உச்சியிலே செம்பு நீரை மெல்ல வார்த்து, நடுவே ஒரு குழி தோண்டிப் பொங்குமாகடலைக் காட்டுக. குழியை மண்ணால் நிரப்பி மீண்டும் வார்த்தால், நீர் எவ்வளவு வேகமாய் அடிவாரத்தை அறுக்கின்றது என்பதைப் பிள்ளைகள் காண்பர். வார்த்த நீர் வீணாகாதபடி அக்களிமண் மலையை ஒரு மரத்தடியிலே அமைத்தல் நன்று. நன்னீர்க் கிணறு அரிதாயும் உவர்நீர்க் கிணறு மிகுதியாயும் உள்ள நம் தீவிலே, ஒரு செம்பு நீரின் அருமையை ஆசிரியர் சொல்லாமலே பிள்ளை அறியும்.

இரண்டாம் பாடவேளையிலே மூர்த்தி, சித்திரசபை, அகத்தியர் வரலாறு, மேற்கூறிய மூன்று வினாக்கள். ஈற்றிலே திருவங்கமாலையை வகுப்பு முழுதும் எழுந்து நின்று ஓதுக. முன்னர் ஓதியதற்கும் இப்பொழுது ஓதுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியரே கேட்டறிவர்.

மாணாக்கர்க்கு வினாக்கள்

1. சிற்றாறு எங்கே பிறந்து எந்நதியிற் கலக்கின்றது? இடையேயுள்ள அருவிகளை மேலிருந்து கீழாக முறைப்படி கூறுக.
2. ஆடி மாதத்திலே குற்றாலத்தில் மழை பெய்ய, காரைநகரிற் பெய்யாமைக்குக் காரணம் யாது?
3. குற்றாலத்துத் தீர்த்தத்துக்குங் கீரிமலைத் தீர்த்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை நிலத்தின் தன்மை கொண்டு விளக்குக.
4. ஐந்து சபைகளையுங் கூறி, சித்திரசபையின் சிறப்பை எழுதுக.
5. அகத்தியரை வாயிலிலே தடுத்தவர்கள் எதனைக் கண்டனர்? எதனைக் காணவில்லை?

ஐந்தாம் வினாவுக்கு மாணாக்கர் எழுதும் விடைகளைத் திருத்தும்போது புள்ளியிடுதலில் விரையற்க. அவற்றை ஒருமுறை அமைதியாய் இருந்து வாசியுங்கள். சைவநெறி பாடத்தினாற் பிள்ளைகள் பெற்றது இன்னதென்பது அவ்விடைகளிலே தெரியும்.

ஆசிரிய அன்பர்களே, நம் பிள்ளைகளுட் பலர் குற்றாலத்தை நேரிற் காணாமலும் போகலாம். உயிர் பிரியும்போது உற்ற துணையாவான் ஒருவன் உளன் என்பதையும், அவன் சந்நிதிக்கு முன் தடுக்கப்படத்தக்கவர் எவரும் இலர் என்பதையும் அறிந்து வளர்வாராயின், அத்தலத்தைத் தரிசித்த பயனை அவர் பெற்றவரே ஆவர். அதனை அறிவித்தல் நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.